111 மணி நேரம்: ஒரு இடுப்பு எலும்பு முறிவின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ராடு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. காயத்தில் சீழ் வைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். எலும்பு மருத்துவர் இதை எழுதினால் நான்கு எக்ஸ்ரே படங்களோடு அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். நான் எழுத உட்கார்ந்தது அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவர் படுக்கையில் கிடந்த 111 மணி நேரத்தைப் பற்றி.

அந்த நேரத்தின் பெரும்பகுதி என் கையெழுத்தில் கழிந்தது. நான் மயக்கவியல் மருத்துவன், காவிரிக் கரையோரத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் வேலை. அறுவை அரங்கின் கதவு எங்கள் ஊர்களில் ‘ஃபிட்னஸ்’ என்ற ஒரு சொல்லுக்குத்தான் திறக்கும். அதை எழுதுகிறவன் நான்.

குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மணிக்கணக்கை மாற்றவில்லை.

நடந்தது

வயது 78. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் சாப்பிட்டு வந்தார். வீட்டு வேலையெல்லாம் தானே செய்வார், கைத்தடிகூட இல்லாமல் நடப்பார்.

சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கொல்லைப்புறம் போனவர், பாசி பிடித்த துவைகல் அருகே சறுக்கி இடப்பக்கமாக விழுந்தார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததுதான். வயதானவர்களின் இடுப்பு முறிவுகளில் ஆகப் பெரும்பாலானவை இப்படித்தான் நேர்கின்றன. விபத்து என்று சொல்லக்கூட ஒன்றும் இருக்காது.

வீட்டில் எண்ணெய் தடவினார்கள். பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியரை அழைத்து வந்தார்கள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்லியிருக்கிறார். இதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாமதம் என்றாலே கட்டு வைத்தியர்களைக் கை காட்டும் பழக்கம் எங்களுக்கு உண்டு. இந்த நிகழ்வில் அவரிடம் செலவானது அரை மணி நேரம். மீதி நேரம் வண்டிக்கும், வெளியூரிலிருந்து மகன் வருவதற்கும் போனது.

மாலை 6 மணிக்கு அவசரப் பிரிவுக்கு வந்தார். இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகித் தெரிந்தது. பாதம் முழுக்க வெளிப்பக்கம் திரும்பி, சுண்டுவிரல் கட்டில் விரிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே, கதவருகே நின்றிருந்த வார்டு ஆயாவே “இடுப்பு போச்சு” என்று சொல்லிவிட்டார். 7 மணிக்குப் படம் வந்தது. தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே, தசைகள் வந்து ஒட்டும் இரண்டு புடைப்புகளுக்கு நடுவில் குறுக்காக உடைந்து, நான்கு துண்டுகளாகியிருந்தது.

இந்த இடத்தில் உடைந்தால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. கழுத்தில் உடைந்தால், இடுப்பு மூட்டுக்குள் பொருந்தியிருக்கும் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுபட்டுப் பந்து செத்துப்போகக்கூடும். அதனால்தான் வயதானவர்களுக்குப் பந்தையே மாற்றிவிடுகிறார்கள். புடைப்புகளுக்கு நடுவில் ரத்த ஓட்டம் தாராளம், உள்ளே ராடு விட்டால் எலும்பு சேர்ந்துவிடும். அதே தாராளம்தான் கெடுதலும். மூட்டு உறைக்கு வெளியே இருப்பதால் கசியும் ரத்தத்தைத் தடுக்க எதுவும் இல்லை. அது தொடைக்குள்ளேயே தேங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

முறிவு தெரிந்துவிட்டது, செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது. அறுவை சிகிச்சை தொடங்கியது வியாழக்கிழமை காலை 10 மணிக்கு. எக்ஸ்ரே வந்ததிலிருந்து 111 மணி நேரம். விழுந்ததிலிருந்து கணக்கிட்டால் 125.

எதற்காகக் காத்திருந்தோம்

சனி இரவு நான் எழுதிய குறிப்பு இப்போதும் கோப்பில் இருக்கிறது. நான்கு வரி: எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவும். இதய மருத்துவர் கருத்துப் பெறவும். குளோபிடோக்ரெலை நிறுத்தவும். ரத்தம் இரண்டு யூனிட் ஏற்பாடு செய்யவும்.

ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். எந்த மயக்கவியல் மருத்துவரிடம் காட்டினாலும் தலையாட்டுவார். ஞாயிறு எக்கோ எடுக்க ஆள் இல்லை. திங்கள் மதியம் எடுத்தார்கள். மாலையில் வந்த இதய மருத்துவர், குளோபிடோக்ரெலை ஐந்து நாள் நிறுத்திவிட்டுச் செய்யலாம் என்று எழுதினார். கடைசி மாத்திரை வெள்ளி இரவு. ஐந்து நாள் என்றால் புதன் இரவு. ஆக, வியாழன் காலை. காப்பீட்டு அனுமதி திங்கள் நண்பகலே வந்துவிட்டதால் பழியை அதன் மேலும் போட முடியாது.

அதற்குள் படுக்கையில் நடந்தது இது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டோம். வலிக்கு டிரமடால் கொடுத்தோம். ஞாயிறு இரவு 2 மணிக்குச் செவிலியர் என்னை அழைத்தார். போய்ப் பார்த்தால், அந்த அம்மா எடைக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “தம்பி, மாடு தாகத்தில் கத்துகிறது, இந்தக் கயிறு அவிழ மாட்டேன் என்கிறது” என்றார். அந்த வீட்டில் மாட்டை விற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று மகள் அழுதுகொண்டே சொன்னார். அவரைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார் தாய்.

செவ்வாய் காலை ஹீமோகுளோபின் 10.8-லிருந்து 8.1-க்கு இறங்கியிருந்தது. புதன்கிழமை பிட்டத்துக்கு மேலே தோல் சிவந்து கன்றியது.

அறுவை சிகிச்சையும் பிறகும்

முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து, 55 நிமிடத்தில் ராடும் பந்துக்குள் ஒரு திருகும் வைத்து முடித்தார் எலும்பு மருத்துவர். ரத்தம் ஒரு யூனிட் ஏற்றினோம். இரண்டாம் நாள் வாக்கர் பிடித்து நின்றார். மனக்குழப்பம் மேலும் மூன்று இரவுகள் நீடித்துப் படிப்படியாகத் தெளிந்தது. மூன்று மாதம் கழித்து வந்தபோது வாக்கருடன் வீட்டுக்குள் நடக்கிறார், கொல்லைப்புறம் தனியாகப் போவதில்லை. பழைய நடை முழுதாகத் திரும்பவில்லை.

இதற்குத் தாமதம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றே செய்திருந்தாலும் இப்படியேகூட ஆகியிருக்கலாம். ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. அதற்காகத்தான் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஆய்வு நடத்துகிறார்கள்.

கனடாவின் கணக்கு

சீக்கிரம் செய்தால் உயிர் பிழைப்பார்களா என்ற கேள்விக்கு நீண்ட காலம் பதிவேடுகளிலிருந்தே பதில் தேடினார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் 72 மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 42,230 பேரின் பதிவுகளை அலசி 2017-இல் வெளியான ஆய்வு அவற்றில் பெரியது. 24 மணி நேரத்தைத் தாண்டிக் காத்திருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 6.5 சதவீதம். அதற்குள் அறுவை முடிந்த, அவர்களுக்கு ஒப்பான நோயாளிகளில் 5.8 சதவீதம். வித்தியாசம் சிறியது, ஆனால் இருந்தது.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு பழைய ஓட்டை உண்டு. காத்திருக்க வைக்கப்படுபவர் யார்? என் நோயாளியைப் போல் ஸ்டென்ட் வைத்தவர், சிறுநீரகம் கெட்டவர், மூச்சுத் திணறுபவர். அவர்கள் அதிகம் இறந்தால் அது காத்திருந்ததாலா, முன்பே நோயாளிகளாக இருந்ததாலா? புள்ளியியலில் எவ்வளவு சலித்தாலும் இந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது. எனக்கு இந்த ஓட்டை வெகுநாள் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாராவது தாமதத்தைப் பற்றிப் பேசினால், ‘அவர்கள் முதலிலேயே மோசமான நோயாளிகள்’ என்று வாயடைத்துவிடுவேன்.

ஓட்டையை அடைக்க ஒரே வழி குலுக்கல்: யாருக்குச் சீக்கிரம், யாருக்கு வழக்கப்படி என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலிடம் விட்டுவிடுவது. கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. டெவரோ, மோஹித் பண்டாரி ஆகியோர் முன்நின்று நடத்திய ‘ஹிப் அட்டாக்’ ஆய்வு அதைச் செய்தது. ஒருவர் இதய மருத்துவர், மற்றவர் எலும்பு அறுவை நிபுணர். இந்தக் கூட்டணியே கேள்வியின் தன்மையைச் சொல்லும்: உடைவது எலும்பு, உயிரை எடுப்பது பெரும்பாலும் இதயமும் நுரையீரலும்.

முதலில் கனடாவிலும் இந்தியாவிலும் 60 பேரிடம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். பிறகு 2014 மார்ச் முதல் 2019 மே வரை, 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில் 2,970 பேர். இந்தியாவும் அந்தப் பதினேழில் ஒன்று. 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், சாதாரணமாக விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள். ஒரு பிரிவினரை உடனே ஒரு மருத்துவர் பரிசோதித்து, முறிவு உறுதியான 6 மணி நேரத்துக்குள் அரங்குக்குக் கொண்டுபோக முயன்றார்கள். அதற்காக அன்றைய பட்டியலில் அவர்களை முன்னால் ஏற்றினார்கள். மற்றப் பிரிவினருக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கப்படி நடந்தது. முதல் பிரிவின் இடைநிலை நேரம் 6 மணி, இரண்டாவதன் இடைநிலை 24 மணி.

2020 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. 90 நாளில் இறந்தவர்கள் வேகப் பிரிவில் 140 பேர், 9 சதவீதம். வழக்கப் பிரிவில் 154 பேர், 10 சதவீதம். மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா, ரத்தக்கட்டி, பெருங்கசிவு போன்ற பெரிய சிக்கல்கள் இரண்டிலும் 22 சதவீதம். ஆபத்தின் விகிதம் 0.91 என்றும், உண்மை 0.72-க்கும் 1.14-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1 அதற்குள் விழுவதால், வேகம் உயிரைக் காக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்போது இதைப் படித்த மயக்கவியல் மருத்துவர்கள் பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். ‘பார்த்தீர்களா, அவசரப்படுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை’ என்று எலும்பு மருத்துவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. அந்த அம்மாவின் கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த முடிவைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அதே எண்கள், மறுபக்கத்திலிருந்து

நாங்கள் காத்திருக்கச் சொல்வது எந்த நம்பிக்கையில்? நோயாளியைத் தேற்றி, சர்க்கரையைச் சீராக்கி, இதயத்தைச் சோதித்து அனுப்பினால் மேசையில் உயிர் போகாது, பிறகும் சிக்கல் வராது என்ற நம்பிக்கையில். அப்படியானால், தேற்றுவதற்கு 24 மணி நேரம் கிடைத்த பிரிவில் இறப்பு குறைந்திருக்க வேண்டும். 6 மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போன பிரிவில் கூடியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கூடுதலாகக் கிடைத்த 18 மணி நேரத்துக்கு, சராசரியாகப் பார்த்தால், உயிர்க்கணக்கில் பலன் எதுவும் இல்லை.

எலும்பு மருத்துவருக்கு இது தோற்றுப்போன ஆய்வாகத் தெரியலாம். மயக்கவியல் மருத்துவனுக்கோ இது தன் வழக்கத்தைக் கூண்டில் ஏற்றும் ஆய்வு. ‘சீக்கிரம் செய்வது ஆபத்து’ என்பதற்கு 2,970 பேரில் சாட்சி கிடைக்கவில்லை.

இறப்பை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தால் பலன் இருந்தது. திடீர் மனக்குழப்பம் வழக்கப் பிரிவில் 12 சதவீதம் பேருக்கு, வேகப் பிரிவில் 9 சதவீதம் பேருக்கு. சிறுநீர்த் தொற்று குறைந்தது. சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீடு போனார்கள். இதழ்களின் சுருக்கத்தில் இவை ஒரு வரியில் கடந்துவிடும். ஞாயிறு இரவு 2 மணிக்கு மாட்டை அவிழ்க்கப் போராடிய தாயின் பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டால், அந்த ஒரு வரியைத்தான் முதலில் படிப்பார்.

இன்னொரு கிளை ஆய்வு என்னை அதைவிட அதிகம் உலுக்கியது. மருத்துவமனைக்கு வரும்போதே ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருந்தவர்கள், அதாவது இதயத் தசை ஏற்கெனவே அடிபட்டிருந்தவர்கள் 322 பேர். நம் ஊரில் இவர்களைக் கண்டால் மயக்கவியல் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். இதயத்தைச் சரி செய்துவிட்டு வாருங்கள் என்பார். அந்த ஆய்வில் இவர்களில் வேகப் பிரிவில் இறந்தவர்கள் சுமார் 10 சதவீதம், காத்திருந்த பிரிவில் சுமார் 23 சதவீதம். உட்பிரிவுக் கணக்கை வைத்து வழக்கத்தை மாற்றிவிடக் கூடாது, தற்செயலும் இப்படி வேடம் போடும். அதை உறுதி செய்யவே அத்தகைய நோயாளிகளை மட்டும் சேர்த்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனாலும் காரணம் புரியக்கூடியதுதான். உடைந்த எலும்பு ஓயாத வலியையும், ரத்தக் கசிவையும், உறையும் தன்மையையும், அழற்சியையும் தூண்டிக்கொண்டே இருக்கிறது. இதயத்தை அடிப்பது அந்த எலும்பு என்றால், எலும்பை விட்டுவிட்டு இதயத்தைத் தேற்றுவது, ஒழுகும் கூரைக்கு அடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போலத்தான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அந்த ஆய்வு வேலை நேரத்தில் முறிவு உறுதியானவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. சனி இரவு 7 மணிக்கு முறிவு உறுதியான என் நோயாளியை அவர்கள் எடுத்திருக்கவே மாட்டார்கள். பரிசீலித்த 27,701 பேரில் சேர்ந்தது 2,970 தானே. இரண்டு, அவர்களுடைய ‘தாமதம்’ 24 மணி. எங்களுடையது 111. இருபத்து நான்கு மணி காத்தாலும் சாவு கூடவில்லை என்பதைக் காட்டி ஐந்து நாள் காக்க வைப்பதை நியாயப்படுத்துபவர், ஆய்வில் இல்லாத ஒரு மூன்றாம் பிரிவைத் தானே எழுதிச் சேர்த்துக்கொள்கிறார். நான் அப்படித்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வரிகளையும் மறுபடி படித்தால்

எக்கோ. பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு முறிவு அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு ஏற்கத்தக்க காரணங்களையும் ஏற்கத்தகாதவற்றையும் பிரித்து எழுதியது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே, சோடியம் 120-க்குக் கீழே அல்லது 150-க்கு மேலே, பொட்டாசியம் 2.8-க்குக் கீழே அல்லது 6-க்கு மேலே, கட்டுக்கடங்காத சர்க்கரை, புதிதாக வந்த இதயச் செயலிழப்பு, சரி செய்யக்கூடிய துடிப்புக் கோளாறு நிமிடத்துக்கு 120-க்கு மேல், நெஞ்சுத் தொற்றோடு கிருமி ரத்தத்தில் பரவிய நிலை, சரி செய்யக்கூடிய உறைதல் கோளாறு. இவை ஏற்கத்தக்கவை. ஏற்கத்தகாதவற்றில் அரங்கு காலி இல்லாமை, கைதேர்ந்த ஆள் இல்லாமை, உப்புகளில் சிறு ஏற்ற இறக்கம் ஆகியவற்றோடு அச்சடித்த எழுத்தில் நிற்கிறது: எக்கோவுக்காகக் காத்திருத்தல்.

என் நோயாளிக்கு மூச்சுத் திணறல் இல்லை, கால் வீக்கம் இல்லை, நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி இல்லை. வெள்ளிக்கிழமை வரை கிணற்றடியில் துணி துவைத்தவர். திங்கள் மதியம் வந்த எக்கோ என்ன சொன்னது? இதயத்தின் இயக்கம் வயதுக்கு ஏற்ப நன்று. அதைப் படித்து நான் மாற்றியது எதுவும் இல்லை. எக்கோ எப்படி வந்திருந்தாலும் மயக்க முறையைத்தான் கொஞ்சம் மாற்றியிருப்பேன், அறுவையை நிறுத்தியிருக்க மாட்டேன். அப்படியானால் நாற்பது மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது, ஏதாவது தவறாகிவிட்டால் கோப்பில் ஒரு தாள் இருக்கட்டும் என்பதற்காக. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் என் தொழிலில் இருக்கும் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

குளோபிடோக்ரெல். இந்த மாத்திரை ரத்தத் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுக்கச் செயலிழக்க வைக்கும். புதியவை உருவாகிவர ஐந்து முதல் ஏழு நாள். அதற்குள் முதுகில் ஊசி போட்டால், தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் மிக அரிதாக உண்டு. பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பயம் முதுகு ஊசிக்கு உரியது. முழு மயக்கம் கொடுத்தால் அந்தக் கேள்வியே எழாது. வெட்டும் இடத்தில் ரத்தம் சற்றுக் கூடுதலாகக் கசியும், சமாளிக்கலாம். மேற்சொன்ன வழிகாட்டியும் இந்த மாத்திரைக்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது.

பிறகு ஏன் முழு மயக்கம் கொடுக்கவில்லை? வயதானவர்களுக்கு முதுகு ஊசிதான் நல்லது, முழு மயக்கம் மூளையைக் குழப்பும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2021-இல் வெளியான ‘ரீகெய்ன்’ ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகளில் 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தது. 60 நாளில் இறந்தவர்கள் அல்லது நடை இழந்தவர்கள் முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 18 சதவீதம். மனக்குழப்பம் 20.5-க்கு 19.7. சீனாவில் 950 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும், மனக்குழப்பத்தில் இரு முறைகளுக்கும் வித்தியாசம் இல்லை என்றே முடித்தது. முழு மயக்கம் வந்துவிடக் கூடாது என்று ஐந்து நாள் காத்தேன். எந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதாக நினைத்தேனோ, அது இரண்டாம் இரவே, மயக்க மருந்து ஒரு சொட்டுக்கூட உடலில் இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டது.

ரத்தம். இரண்டு யூனிட் ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டோம். மகன் ஊர் இளைஞர்கள் இருவரைப் பிடித்து ரத்த வங்கிக்கு அழைத்துப் போக ஒன்றரை நாள் ஆயிற்று. 10-க்குக் கீழே இறங்கினாலே ஏற்றுவது எங்கள் பழக்கம். இடுப்பு அறுவை முடிந்த, இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 2,016 பேரிடம் 2011-இல் ‘ஃபோகஸ்’ ஆய்வு இதைச் சோதித்தது. 10-இல் ஏற்றிய பிரிவில் 60 நாளில் இறந்தவர்கள் அல்லது பிறர் துணையின்றி அறையைக் கடந்து நடக்க முடியாதவர்கள் 35.2 சதவீதம். 8 வரை பொறுத்த பிரிவில் 34.7. சனி இரவு 10.8 இருந்தவருக்கு ஒரு யூனிட் கையிருப்பில் இருந்தாலே அரங்குக்குப் போயிருக்கலாம். செவ்வாய் வரை காத்ததில்தான் 8.1 ஆனது. ரத்தத்துக்காகக் காத்திருந்து ரத்தத்தை இழந்தோம்.

என் குறிப்பில் இல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும். காலில் தொங்கவிட்ட எடை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வுக்கு, அறுவைக்கு முன் இப்படி எடை கட்டுவதால் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தொடையின் முன்பக்க நரம்புகளுக்கு மரக்கும் ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் அசையும்போது வரும் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. அதைப் போடத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான்தான். ஸ்கேன் கருவி பக்கத்து அறையில் இருந்தது. பத்து நிமிட வேலை. போட்டது வியாழன் காலை, முதுகு ஊசிக்கு உட்கார வைப்பதற்காக. அதுவும் என் வசதிக்கு.

பிறகு மாற்றியது

எலும்பு மருத்துவர், நான், அவசரப் பிரிவுச் செவிலியர் மூவரும் உட்கார்ந்து ஒரு பக்கப் படிவம் எழுதினோம். ஏற்கத்தக்க காரணங்களை அதிலேயே அச்சடித்துவிட்டோம். வேறு காரணத்துக்காக யாராவது காக்கச் சொன்னால், காரணத்தையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் காரணம் தீர்ந்த நேரத்தையும் எதிரே எழுத வேண்டும். நரம்பு ஊசி எக்ஸ்ரே வந்த ஒரு மணி நேரத்துக்குள். குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு முழு மயக்கம், மறுநாள் காலை முதல் இடம். ஞாயிறு அரங்கைத் திறக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அதற்கு ஆய்வுத் தாள்கள் உதவவில்லை, இரவுப் பணிச் செவிலியர்களுக்கு மாற்று விடுப்பு தருவதாகச் சொன்ன பிறகே நடந்தது. என்னோடு வேலை செய்யும் இளம் மருத்துவர் ஒருவர் படுக்கையருகே எக்கோ பார்க்கும் அடிப்படைப் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

பலன் என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு ஆட்கள் இன்னும் சேரவில்லை. சேர்ந்தாலும் எங்களிடம் ஒப்பிடக் குலுக்கல் பிரிவு இல்லை.

சென்ற மாதம் இரவில் 82 வயது முதியவர் ஒருவர் வந்தார். தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் கழுத்து வரை ஏறிக் கேட்கும் கரகரப்பான முணுமுணுப்பு. போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்ததாக மருமகள் சொன்னார். பெருந்தமனி வால்வு இறுகியிருந்தால் முதுகு ஊசி போட்ட மாத்திரத்தில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் ‘எக்கோ’ என்றுதான் எழுதினேன், நேரம் இரவு 8.40. இளம் மருத்துவர் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வால்வு நன்றாகவே இறுகியிருந்தது. முழு மயக்கம், கைத் தமனியில் ரத்த அழுத்தம் காட்டும் குழாய் என்று திட்டத்தை மாற்றி, காலை 6 மணிக்கு அரங்கு என்று எழுதினேன். எதிர்க் கட்டத்தில் அவர் குறித்த நேரம் 9.25.